போலீஸ் மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவருக்கு

மக்கள் தொடர்புப் பிரிவுக்கு மாற்றல் ஆணை வந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "கொடுத்து வைத்தவர், இனி வெயிலில் நிற்க வேண்டாம்." போட்டோ எடுப்பது, பேப்பர் கட்டிங் ஒட்டுவது, பெரிய அதிகாரி மரக்கன்று நடும்போது தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நிற்பது. இந்தப் பிரிவைப் பற்றித் துறைக்குள் இருக்கிற எண்ணம் இவ்வளவுதான். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தேன். மூன்றே மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. எப்படிப் போனது என்பதை 4-ஆவது படியில் சொல்கிறேன்.

சீருடையோடு வருகிறவர்களுக்கும், பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் சேர்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பதவிப் பெயரும் சட்டப் பிரிவும் நாட்டுக்கு நாடு மாறும். வேலை மாறாது.

படி 1: எதற்காக இந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

1829-இல் லண்டன் பெருநகரப் போலீஸ் தொடங்கியபோது ஊரில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அரசாங்கத்தின் ஒற்றர்கள், வேறு உடுப்பு போட்ட ராணுவம் என்று ஏசினார்கள். உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலும், முதல் ஆணையர்களான சார்லஸ் ரோவனும் ரிச்சர்ட் மேனும் அதற்கு அறிக்கை விட்டு மறுப்புச் சொல்லவில்லை. சீருடையிலேயே பதில் வைத்தார்கள். ராணுவத்தின் சிவப்பு வேண்டாம் என்று நீலக் கோட்டு. கோட்டின் காலரில் ஒவ்வொரு காவலருக்கும் ஓர் எண். அடித்தவர் யார் என்று அடிபட்டவர் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்.

"போலீஸே மக்கள், மக்களே போலீஸ்" என்ற வாசகத்தை பீல் சொன்னதாகப் பயிற்சி வகுப்பில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அவர் எழுதியதற்குச் சான்றில்லை, பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. காலர் எண்ணுக்குச் சான்று இருக்கிறது. எனக்கு அந்த வாசகத்தைவிட இந்த எண் பெரிதாகத் தெரிகிறது. மக்கள் தொடர்பு என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்: நம்மைக் கேள்வி கேட்பதற்கு நாமே ஒரு வழி செய்து கொடுப்பது.

நிர்வாகத்துக்கு இதனால் என்ன லாபம் என்று உங்கள் மேலதிகாரி கேட்பார். சுருக்கமாகச் சொல்லுங்கள்: சாட்சி சொல்ல ஆள் வருவது, பாதிக்கப்பட்ட பெண் ஸ்டேஷன் படியேறுவது, கூடிய கூட்டம் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பிக் கலைவது, நல்ல பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிப்பது, எல்லாமே சனங்கள் நம் பேச்சை நம்புகிறார்களா என்பதில் போய் நிற்கிறது. தகவல் சொல்ல ஆள் இல்லாத ஸ்டேஷனில் எத்தனை கேமரா மாட்டினாலும் இருட்டுதான்.

படி 2: அறைக்குள் நாற்காலி கேளுங்கள்

நிருபர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து வருவீர்கள். முக்கால்வாசி மல்லுக்கட்டு துறைக்குள்தான். வெளியே சொல்வதற்கு முன், நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதை உங்களிடம் சொல்ல உள்ளே யாருக்கும் அவசரம் இருக்காது. விசாரணை அதிகாரிக்கு நீங்கள் ஒரு தொந்தரவு. ஸ்டேஷன் அதிகாரிக்கு நீங்கள் தலைமையகத்தின் ஆள். "அதெல்லாம் ஒன்றுமில்லை சார், சின்ன விஷயம்" என்று வரும் போன்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான போன்.

அதனால் முதல் வாரத்திலேயே இதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்:

காலை ஆய்வுக் கூட்டத்தில் உங்களுக்கு இடம். முடிவு எடுத்த பிறகு கூப்பிட்டு "இதை நல்லபடியா எழுதிக் கொடு" என்று சொல்கிற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

நள்ளிரவிலும் தலைமை அதிகாரியை நேராகக் கூப்பிடும் அனுமதி. நடுவில் மூன்று பேரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் செய்தி உங்களை முந்திவிடும்.

கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டை எந்த நேரமும் பார்க்கும் உரிமை. போனில் சொன்ன நேரமும் பதிவேட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பழக்கம் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

யார் எதைப் பேசலாம் என்ற ஒரு பக்க விதி. ஸ்டேஷன் அளவிலான சம்பவத்துக்கு அங்கே உள்ள அதிகாரி பேசட்டும். உயிரிழப்பு, போலீஸ் மீது புகார், கலவரம் என்றால் ஒரே ஒருவர். மூன்று அதிகாரிகள் மூன்று எண்ணிக்கை சொன்னால், மூன்றாவதாகச் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் நம்ப ஆள் இருக்காது.

படி 3: சொல்லக் கூடாதவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

அவசரத்தில் யோசிக்க நேரம் இருக்காது. பட்டியலை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் கூடாது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது என்பது புதியவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. தெரு, பள்ளி, தந்தையின் தொழில் மூன்றையும் போட்டுவிட்டுப் பெயரை மறைத்தால் அந்த ஊருக்கு அது யார் என்று தெரியாதா? ஒரு பத்திரிகை தெருவைப் போடும், இன்னொன்று பள்ளியைப் போடும். இரண்டையும் கொடுத்தது நீங்களாக இருப்பீர்கள்.

சிறார், அவர் எந்தப் பக்கம் இருந்தாலும். இறந்தவர் பெயர், குடும்பத்துக்குச் சொல்லி முடிக்கும் வரை. தற்கொலை என்றால் எந்த முறையில் என்ற விவரம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. சாட்சிகள் ஆளைப் பார்த்து அடையாளம் காட்டும் அணிவகுப்பு நடக்க வேண்டியிருந்தால் பிடிபட்டவர் படம். செய்தவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் எதுவாயினும்.

பிறகு, பிடிபட்டவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, முன்னால் மேஜையில் கைப்பற்றிய பொருளைப் பரப்பி, பின்னால் அதிகாரிகள் நிற்கிற அந்தப் படம். எனக்கு அது அறவே பிடிக்காது. நீதிமன்றம் சொல்லும் முன்பே தீர்ப்புச் சொல்கிற படம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கொண்டுவந்த உத்தரவு ஒன்று, சந்தேக நபரை விலங்கிட்டோ வேறு வகையில் கட்டுப்படுத்தியோ குற்றவாளியாகத் தோன்றும்படி பொதுவில் காட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் தடுக்காவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தால் அந்தப் படத்தை யார் திரும்பப் பெறுவது?

படி 4: முதல் ஒரு மணி நேரம்

நான் பிரிவுக்கு வந்து மூன்றாவது மாதம். இரவில் ஒரு ரோந்து வாகனம் இருசக்கர வாகனம் ஒன்றின் மீது மோதிவிட்டது. போனில் பேசிய அதிகாரி, "பையனுக்கு லேசான அடி, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை" என்றார். அப்படியே எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். விடியும் முன் பையன் இறந்துபோனான். காலைப் பதிப்பில் என் வாக்கியம் இருந்தது: "உயிருக்கு ஆபத்து இல்லை." நாலைந்து நாள் கழித்து அவன் அம்மா அந்தப் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இதை எழுதின டாக்டர் யாருங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் யாருடைய உடல்நிலையையும் எழுதியதில்லை. மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார் என்பதோடு நிறுத்திவிடுவேன். மேலே கேட்டால், மருத்துவமனையைக் கேளுங்கள்.

முதல் குறிப்புக்கு நான் வைத்திருக்கும் விதி: கண்ணால் பார்த்தது, பதிவேட்டில் இருப்பது, நாளைக்கும் மாறாதது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது சேராத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

"இன்று இரவு 9.40 மணி அளவில் பிரதான சாலையில் போலீஸ் ரோந்து வாகனமும் இருசக்கர வாகனமும் மோதிக்கொண்டன. இருசக்கர வாகனத்தில் வந்தவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். விபத்து நடந்த விதத்தை வேறொரு பிரிவு விசாரிக்கிறது. நேரில் பார்த்தவர்கள் அந்தப் பிரிவைத் தொடர்புகொள்ளலாம். அடுத்த தகவல் இரவு 11 மணிக்கு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று தெரிந்தால் நிருபர் காத்திருப்பார். தெரியாவிட்டால் பக்கத்து டீ பெஞ்சில் விசாரிப்பார். 11 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் 11 மணிக்கு வந்து அதையே சொல்லுங்கள்.

முதல் குறிப்பு என்ன பாடுபடுத்தும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் போலீஸ் வெளியிட்ட குறிப்பின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்பது. அவர் ஜார்ஜ் ஃபிளாய்ட். போலீஸ்காரர் ஒருவர் 9 நிமிடங்களுக்கும் மேலாக அவர் கழுத்தில் முழங்காலை அழுத்தி வைத்திருந்தது அந்தக் குறிப்பில் இல்லை. வழியில் நின்ற ஒரு பதின்வயதுப் பெண் எடுத்த வீடியோவில் இருந்தது. அடுத்த ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். அப்பட்டமான பொய் வாக்கியம் என்று ஒன்றை எடுத்துக் காட்டுவது சிரமம். அவர் உடல்நிலை மோசமானது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸ் கூப்பிடப்பட்டது, மருத்துவமனையில் இறந்தார், எல்லாம் நடந்தவைதான். நடந்ததில் முக்கியமான ஒன்றை மட்டும் காணோம். நம் தொழிலில் பொய் பெரும்பாலும் இப்படித்தான் வரும், விட்டுப்போன வரியாக.

பேசாமலே இருந்துவிட்டால்? அதிலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவருக்கு 17 வயது. பெயரை வெளியிட முடியாது. அந்த வெற்றிடத்தில் யாரோ ஒரு கற்பனைப் பெயரை இணையத்தில் விட்டார்கள். அது தவறான பெயர் என்று போலீஸ் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. மறுநாள் இரவே அந்த ஊர் மசூதிக்கு வெளியே கலவரம். பிறகு நாட்டின் பல நகரங்களில். சட்டம் வாயைக் கட்டும்போது, எந்தச் சட்டம் எதுவரை கட்டுகிறது என்பதையாவது சொல்லுங்கள். அது முடியும்.

படி 5: சொற்களைச் சலித்துப் பயன்படுத்துங்கள்

தமிழில் போலீஸ் செய்திக்கென்று ஒரு தனி நடையே இருக்கிறது. அது உங்கள் பேனாவில் தானாக வந்து உட்காரும். விரட்டுங்கள்.

"குற்றவாளி கைது" என்று எழுதாதீர்கள். கைதாகும்போது அவர் சந்தேக நபர். குற்றப் பத்திரிகை தாக்கலானால் குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வந்த பிறகே குற்றவாளி. "கைவரிசை காட்டினார்" என்பது திருட்டுக் கொடுத்தவரைக் கேலி செய்வது. "கள்ளக்காதல்" என்ற சொல் வழக்குக்கு எதையும் சேர்ப்பதில்லை, இறந்துபோன பெண்ணின் மானத்தைத்தான் வாங்குகிறது. "தீவிர விசாரணை நடைபெறுகிறது" என்றால் மற்ற வழக்குகளில் ஏனோதானோ விசாரணையா? விசாரணை நடக்கிறது, போதும். காவலில் இருந்தவர் "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருவேளை அவர் உண்மையிலேயே வழுக்கி விழுந்திருந்தாலும் படிக்கிற யாரும் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள். எந்த நேரம், யார் காவலில், எந்த மருத்துவர் பார்த்தார், யார் விசாரிக்கிறார் என்பதை எழுதுங்கள்.

செயப்பாட்டு வினையும் நமக்கு ஒளிந்துகொள்ள வசதியான இடம். "துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது." யார் நடத்தியது? "காவலர் சுட்டார்" என்று எழுதக் கை கூசுகிறதென்றால், அந்தக் கூச்சத்தை மேலதிகாரியிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். வாக்கியத்துக்குள் புதைக்காதீர்கள்.

படி 6: நிருபர்கள்

இதைப் பெரிதாக்கிச் சொல்வார்கள், அவ்வளவு சிக்கல் இல்லை. போன் எடுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்ல முடியாது என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். வேண்டப்பட்ட நிருபருக்கு மட்டும் முன்கூட்டிக் கசிய விட்டால் மற்ற பத்துப் பேரும் உங்கள் துறையில் குப்பை கிளற ஆரம்பிப்பார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் பத்திரிகை - போலீஸ் உறவை ஆராய்ந்த லெவ்சன் விசாரணை 2012-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உயர் அதிகாரிகள் நிருபர்களைச் சந்தித்தால் அதற்குப் பதிவு இருக்கட்டும். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

படி 7: சமூக ஊடகம்

இரண்டு வகைப் பதிவுகள் இருக்கின்றன. சனங்களுக்கு உதவுபவை, நமக்குக் கைதட்டல் வாங்குபவை. முதல் வகை போதும்.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு இரண்டு நாள் கழித்து, பெரிய செய்தி நிறுவனங்களே ஒருவர் கைதாகிவிட்டதாகச் செய்தி வெளியிட்டன. அப்படி யாரும் கைதாகவில்லை என்று பாஸ்டன் போலீஸ் தன் ட்விட்டர் கணக்கில் போட்டது. அதன் பிறகு நிருபர்களே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2016 ஜூலையில் மியூனிக் துப்பாக்கிச் சூட்டின்போது, நகரமெங்கும் வதந்தி பரவிய அந்த இரவில், போலீஸ் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி மொழிகளில் பதிவிட்டது. போலீஸ் நிற்கும் இடத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்று தனி இணைய வழி திறந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போலீஸ் வதந்தியை உடைப்பதற்கென்றே ஒரு ஹேஷ்டேக் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து "இது உண்மையில்லை" என்று சொல்லிக்கொண்டே போனது. இந்த மூன்றும் அப்படியே காப்பி அடிக்கத் தக்கவை.

கைதட்டல் வகைக்கும் ஓர் உதாரணம். 2014 ஏப்ரலில் நியூயார்க் போலீஸ், எங்கள் காவலர்களோடு நீங்கள் எடுத்த படத்தைப் போடுங்கள் என்று ஒரு ஹேஷ்டேக் கொடுத்துக் கேட்டது. சனங்கள் போட்டார்கள். தலைமுடியைப் பிடித்து இழுக்கிற படம், லத்தி ஓங்குகிற படம். தெருவில் இருக்கும் உறவு எப்படியோ அப்படித்தான் திரையிலும் வரும். மீம் நன்றாகப் போட வருகிற இளம் காவலர் உங்கள் பிரிவில் இருந்தால் மகிழ்ச்சி, ஹெல்மெட்டுக்கும் ஓ.டி.பி. மோசடிக்கும் அவரை விடுங்கள். உயிர் போன நாளில் அவரிடமிருந்து கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: தவறு நம் பக்கம் என்றால்

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கம். நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள் என்று பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி அன்றே சொன்னார். வாயிலைத் திறக்க உத்தரவிட்டவரே அவர்தான். பிறகு ரசிகர்கள் குடிபோதையில் இருந்தார்கள் என்ற கதை பத்திரிகைகளுக்குப் போனது. 2012-இல் வந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை, 164 போலீஸ் வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டதையும், அவற்றில் 116-இல் போலீஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கவோ மாற்றவோ பட்டதையும் வெளியே கொண்டுவந்தது. 2016-இல் ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்று சொன்னது. 27 ஆண்டுகள். ஒரு தாய் தன் பிள்ளையைப் புதைத்த பிறகு, அவன் குடிகாரன் இல்லை என்று நிரூபிக்க 27 ஆண்டுகள் நடந்தார்.

அன்று மாலை "வாயிலைத் திறக்கச் சொன்னது நான்தான்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தால் அந்த அதிகாரியின் வேலை போயிருக்கலாம். படையின் பெயர் போயிருக்காது.

ஆகவே நடைமுறையில்: நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள், காரணத்தை விசாரணைக்கு விடுங்கள், இரண்டையும் குழப்பாதீர்கள். குடும்பத்தைப் பத்திரிகைக்கு முன்னால் சந்தியுங்கள். முந்தைய குறிப்பில் பிழை இருந்தால் "திருத்தம்" என்று தலைப்பிட்டே வெளியிடுங்கள், பழையதைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். இறந்தவர் மீதிருந்த பழைய வழக்குகளின் பட்டியலை அன்றே எடுத்துக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து ஓர் ஆணை வரும். சம்பவத்தோடு அதற்குத் தொடர்பில்லையென்றால் மறுத்துவிடுங்கள். நான் இருமுறை மறுத்திருக்கிறேன். ஒருமுறை விளக்கம் கேட்டு ஓலை வந்தது, ஒருமுறை மறுநாள் காலை "நல்ல வேளை" என்றார்கள்.

படி 9: வெளியே கேட்டதை உள்ளே கொண்டுவாருங்கள்

பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலை நடப்பதே இல்லை. துறை பேசுவது மட்டும்தான் மக்கள் தொடர்பு என்று நினைத்துவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: வழக்கு தனக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதை வைத்தே மக்கள் போலீஸை எடைபோடுகிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல விட்டார்களா, ஆள் பார்க்காமல் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்களா, மரியாதை இருந்ததா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா. அப்படியானால் உங்கள் செய்திக் குறிப்பைவிட, ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிற எழுத்தர் "என்ன வேணும்?" என்று கேட்கிற தொனிதான் துறையின் விளம்பரம்.

மாதம் ஒருமுறை தலைமை அதிகாரிக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எத்தனை செய்தி நல்லவிதமாக வந்தது என்ற கணக்கு வேண்டாம். எந்த ஸ்டேஷனைப் பற்றி ஒரே புகார் மூன்றாவது முறை வருகிறது, எந்தத் தெருவில் ரோந்து வருவதே இல்லை என்கிறார்கள், நாம் சொன்ன எதை சனங்கள் நம்பவில்லை. இதைப் படித்து ஓர் அதிகாரி ஒரு பணி முறையை மாற்றினால், அந்த ஆண்டு நீங்கள் செய்த பெரிய மக்கள் தொடர்பு வேலை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு பக்கத்துக்கு விஷயம் எங்கே கிடைக்கும் என்றால், ஒரு சனிக்கிழமை இரவு, உங்களை அடையாளம் தெரியாத ஒரு ஸ்டேஷனுக்கு, சாதாரண சட்டையில் போய் வரவேற்பு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நோட்டை வெளியே எடுக்காதீர்கள். உள்ளே வந்த முதல் ஆளிடம் எத்தனை நிமிடம் கழித்துப் பேசினார்கள், உட்காரச் சொன்னார்களா, பெயர் கேட்டார்களா என்று மட்டும் பாருங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்.